ஒத்தக்கால் துரையின் படம்

நவம்பர் 19

இதனால் சிப்பிமுனை ஊர்ச் சனங்கள் அனைவருக்கும், ஊர்க்கமிட்டித் தலைவருக்கும், பங்குச் சாமியாருக்கும், இந்த நாட்குறிப்பைத் திருட்டுத்தனமாகப் படிக்கிற என் மாமன் மகள் பெனிட்டாவுக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை எங்கள் வீட்டு ஆட்டுரல் மேல் ஒரு கடற்காகம் வந்து அமர்ந்து, நாலு திசையும் நோட்டம் விட்டு, எச்சமிட்டுவிட்டுப் புறப்பட்டுச் சென்றது. உயிர்ச்சேதம் இல்லை. மாவுச்சேதம் மட்டும்.

அம்மா விளக்குமாற்றோடு ஓடியபோது அது எம்பிப் பறந்தது. ஒரே காலில் எம்பியது. இன்னொரு கால் பாதிக்குக் கீழே இல்லை. ஆனாலும் தோரணையில் குறைவில்லை. ஆகவே அதற்கு ஒத்தக்கால் துரை என்று பெயர் சூட்டுகிறேன்.

என் பெயர் ஸ்தனிஸ்லாஸ். ஊர் வாயில் அது தனிஸ். அம்மா கோபத்தில் இன்னும் சுருக்கித் 'தனி' என்பாள். தனியாக மட்டும் ஒரு நிமிடம் விட மாட்டாள். பதினொன்றாம் வகுப்பு. தொழில், படம் பிடித்தல். கல்யாணப் போட்டோ ஸ்டுடியோவை மூடிய செல்வின் அத்தான் தன் பழைய கேமராவை எனக்குத் தந்துவிட்டார். அதுவரை மாப்பிள்ளை பெண்ணை மட்டுமே பார்த்த கேமரா இப்போது கடற்காகம் பார்க்கிறது. இந்தக் கடற்கரையில் கடற்காகத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தது ஏதாவது உண்டென்றால் அது கடற்காகமாகத்தான் இருக்க முடியும்.

நவம்பர் 22

கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் கடைசிக் கல்லில் பெனிட்டாவோடு யுத்தம். அவளிடம் பறவைப் புத்தகம் இருக்கிறது, என்னிடம் கேமரா இருக்கிறது. இருவரிடமும் இல்லாதது பொறுமை.

துரை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"ஏல, அது பழுப்புத்தலை. கண்ணு வெளுத்திருக்கு பாரு."

"ஏட்டி, இம்புட்டுத் தூரத்துலேருந்து உனக்குக் கண்ணு தெரியுதாக்கும்? அது கருந்தலை. இந்தப் பக்கம் அபூர்வமாத்தான் வரும்."

"நீ பாத்தா எல்லாம் அபூர்வமா ஆயிருமோ?"

"ஆமா. என்னையவே பாரேன்."

"சவத்து மூதி."

விஷயம் இதுதான். பழுப்புத்தலைக் கடற்காகமும் சரி, கருந்தலைக் கடற்காகமும் சரி, நம் ஊருக்கு வருகிற பனிக்காலத்தில் வெள்ளைத் தலையோடுதான் வரும். காதருகே மை ஈஷினாற்போல ஒரு பொட்டு மட்டும் மிச்சம். தன் ஊருக்குத் திரும்பும் சமயத்தில்தான் தலைக்குச் சாயம் ஏறும், லீவு முடிந்து துபாய்க்குப் போகிற எங்கள் பெரியப்பாவைப் போல. அதனால் தலையைப் பார்த்து ஆள் சொல்ல முடியாது. இறக்கை நுனியைப் பார்க்க வேண்டும். நுனிக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு இருந்தால் பழுப்புத்தலை. இல்லையென்றால் கருந்தலை. அதற்குத் துரை இறக்கை விரிக்கிற நேரத்தில் படம் எடுக்க வேண்டும்.

பந்தயம்: தோற்றவர் மூன்று ராசாக்கள் திருநாள் நாடகத்தில் கழுதை வேஷம். பெனிட்டாவுக்குக் கழுதை வேஷம் பொருத்தமாக இருக்கும் என்று சொன்னேன். புத்தகத்தால் மண்டையில் அடித்தாள். தடித்த அட்டை. புத்தக அறிவு தலைக்கு ஏறுவது என்றால் இதுதான்.

நவம்பர் 26

அண்ணனோடு கடலுக்குப் போனேன். அண்ணன் பெயர் ரோமால்டு. ஏழு வயது மூத்தவன். அவன் கை என் தலையில் படாத நாள் கிடையாது. ஆசையாகப் பட்டால் முடி கலையும், கோபமாகப் பட்டால் பொறி கலங்கும்.

அவன் வலையோ தூண்டிலோ எடுத்துப் போவதில்லை. வெடி எடுத்துப் போகிறான். இதை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறான். அதனால் இனிமேல் 'பலகாரம்' என்று எழுதுவேன். மேலே இருக்கும் வரியை அடித்துவிடலாம்தான். ஆனால் பேனா மை வீண்.

என் வேலை கண். கடற்காகங்கள் எங்கே வட்டமிட்டு இறங்குகின்றனவோ அங்கே அடியில் மீன் கூட்டம் இருக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் வெள்ளைப் புள்ளி. எனக்கு மட்டும்தான் எது சும்மா சுற்றுகிறது, எது சோற்றுக்குச் சுற்றுகிறது என்று தெரியும். நான் கை நீட்டிய பக்கம் அண்ணன் வள்ளத்தைத் திருப்புவான்.

இன்று கை நீட்டினேன். பலகாரம் விழுந்தது. கடல் ஒரு தடவை நெஞ்சிலிருந்து இருமியது. வள்ளத்தின் அடிப்பலகை என் உள்ளங்காலில் அறைந்தது. பிறகு மீன் மிதந்தது, வெள்ளை வயிறு மேலே தெரிய. சிலது வாயால் தன் குடலைத் துப்பியிருந்தது. முள் நொறுங்கியதால் எடுத்தால் துணி மாதிரித் தொங்கியது. குஞ்சு மீன்தான் அதிகம். அதை யாரும் அள்ளவில்லை.

சத்தம் அடங்குவதற்குள் கடற்காகங்கள் வந்துவிட்டன. சத்தத்துக்குப் பயந்து ஓட வேண்டியவை சத்தத்தைக் கேட்டு வருகின்றன, பூசை மணிக்கு வருகிற சனங்கள் மாதிரி. ஒன்றன் வாயிலிருந்து ஒன்று பிடுங்கியது. ஒரு கிழட்டுக் காகம் இளங்காகம் ஒன்றின் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் அமுக்கியது. முன்பே வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒன்று இறக்கை ஒடிந்து தண்ணீரில் சுற்றியது. மற்றவை அதையும் கொத்தின.

நாற்பது படம் எடுத்தேன். அத்தனையும் அற்புதம். துரை வரவில்லை.

நவம்பர் 27

வலது காதில் இன்னும் மணி அடிக்கிறது. பூசை முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், நிறுத்தவில்லை.

டிசம்பர் 2

கடற்கரையில் அடிதடி. நுழைவுச்சீட்டு இல்லை.

கஸ்பார் மாமா, அதாவது பெனிட்டாவின் அப்பா, தூண்டில்காரர். அண்ணன் வள்ளத்தைக் கரையேற்றும்போது வந்து நின்றார். வள்ளத்துக்குள் கையை விட்டு ஒரு மீனை எடுத்து, அது துணி மாதிரித் தொங்குவதைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா தூண்டில் போட்டு நான் நாலு மீன் கொண்டாறேன். நீ ஒரு வெடியில என் பேரன் பிடிக்க வேண்டிய மீனையுஞ் சேத்துக் கொன்னுட்டு வாறே."

"உமக்குப் பேரனே கெடையாதே மாமா," என்றேன். தகவல் பிழை இருந்தால் திருத்துவது என் வழக்கம்.

என் வாயில் ஒன்று விழுந்தது. உதடு கிழிந்தது. அண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். "பொடியன் மேல கைய வச்சீருன்னா..."

"நீ கடல் மேலயே கைய வச்சவன்லே!"

துடுப்பு யார் கைக்கு முதலில் போனது என்று நான் பார்க்கவில்லை. இறங்கியது அண்ணன் நெற்றியில். ரத்தம் கண்ணுக்குள் வழிய, பார்க்க முடியாமலே அண்ணன் மாமாவின் வயிற்றில் முட்டினான். இருவரும் மணலில் உருண்டார்கள். மாமா அண்ணனின் காதைக் கடித்தார். அண்ணன் அவர் வாயில் மணலைத் திணித்தான். ஏலக்கூடத்துப் பெண்கள் வந்து மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு ஊற்றிப் பிரித்தார்கள்.

"தூண்டில் போட்டு உக்காந்து தவம் பண்ண நான் என்ன சாமியாரா?" என்று கத்தினான் அண்ணன்.

"நீ கடைசியில அப்பிடித்தாம்லே உக்காருவே," என்றார் மாமா, மணலைத் துப்பிக்கொண்டே.

அம்மா அண்ணன் நெற்றிக்கு மஞ்சள் வைத்தாள். எனக்கும் வைத்தாள். நாளை பள்ளியில் கேட்டால் சுறாவோடு சண்டை என்று சொல்வதாக இருக்கிறேன்.

டிசம்பர் 5

ஏலக்கூடத்து மைக் ஆளில்லாமல் கிடந்தது. "கடற்காகம் கிலோ எண்ணூறு, ஒத்தக்கால் உள்ளது பாதி விலை" என்று அறிவித்தேன். வெளியூர் வியாபாரி ஒருவர் உண்மையிலேயே எடைக்கல்லைத் தேடினார். கமிட்டித் தலைவர் செருப்பைத் தேடினார். ஓட்டத்தில் நான் முதல்.

டிசம்பர் 9

அரையாண்டுத் தேர்வு. வேதியியல் தாளில் நான் எழுதியது எல்லாமே வேதனையியல்.

மாலையில் துரை தூண்டில் வளைவுக்கு வந்தது. அடுக்கடுக்காக எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் எல்லாம் அரிசிமணி அளவில்தான் தெரிகிறது.

"கார்டைத் தா. வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கிப் பாக்கேன்," என்றாள் பெனிட்டா.

"பாத்துட்டு அழுவாத."

"கழுதைக்குக் காது தச்சு வச்சிருக்கேன். உன் அளவுக்கு."

மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். சனிக்கிழமை கடலுக்குப் போகுமுன் வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் துரையின் காலைப் பற்றியும் ஒன்று சொன்னாள். வெடியில்தான் போயிருக்கும் என்றாள். சுறாவாக இருக்கலாம் என்றேன். சுறா என்றால் பறவையே போயிருக்கும் என்றாள். பேச்சை மாற்றினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் கேட்டான்: "அந்த நொண்டிக்காக்கா படம் உனக்கு வேணும், அம்புட்டுத்தான? கூட்டத்துல அது இருந்தா சொல்லு, கிட்டயே கொண்டு போறேன்." சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தான். முடி கலைகிற வகை.

டிசம்பர் 13

அம்மா என் சட்டையைத் துவைத்தாள். காயப்போடாமல் மறுபடியும் துவைத்தாள்.

டிசம்பர் 14

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். போலீஸ் எழுதிக்கொண்டது இப்படி: வள்ளத்தில் தேநீர் போடும்போது ஸ்டவ் வெடித்தது. நாங்கள் வள்ளத்தில் தேநீர் போட்டதே இல்லை. ஏட்டையாவுக்கும் அது தெரியும் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

நடந்தது இது. நான் காட்டிய பக்கம் காகங்கள் வட்டமிட்டன. நடுவில் துரை. அண்ணன் சொன்னபடியே மிகக் கிட்டே கொண்டு போனான். திரியைப் பற்றவைத்தான். திரி கட்டை. எறிவதற்குள் வெடித்துவிட்டது. அவ்வளவுதான். திரி விற்றவனைத்தான் கேட்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், இதையே குறித்துக்கொள்ளட்டும்: நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணனின் வலது கை மணிக்கட்டோடு இல்லை. விரல் ஒன்று வள்ளத்துக்குள் கிடந்தது. மற்றவை எங்கே என்று தெரியும், காகங்கள் இறங்கின. கழுத்திலும் மார்பிலும் கரி. ரத்தம் சொட்டவில்லை, துடிப்புக்குத் துடிப்பு பீய்ச்சியது.

நான் பதறவில்லை. கேமரா வாரைக் கழற்றி அவன் கையை இறுக்கிக் கட்டினேன். இன்ஜினைக் கிளப்பி ஒற்றை ஆளாகக் கரைக்கு ஓட்டி வந்தேன். டாக்டர், "கட்டு நல்லாப் போட்டிருக்கு. இல்லைன்னா ஆள் தப்பிச்சிருக்க மாட்டாரு," என்றார்.

படமும் எடுத்துவிட்டேன். வெடிப்பதற்கு முந்திய நொடி, துரை இறக்கை விரித்தபடி. அப்படி ஒரு படம் இந்தக் கடற்கரையில் இதுவரை யாரும் எடுத்ததில்லை.

டிசம்பர் 16

அண்ணன் கண் விழித்தான். கட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"ஏல, படம் வந்திச்சா?"

"வந்திச்சுண்ணே. சூப்பர்."

"ரெக்கைய விரிச்சிருக்கா?"

"பீடத்துல சம்மனசு நிக்குமே, அப்பிடி."

"காட்டு."

"கழுவக் குடுத்திருக்கேன்."

"இப்பல்லாம் படம் கழுவுதாவளாலே?"

"அது... பெருசாக்கி, ஃபிரேம் போட்டு..."

அவன் மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "பெருசாவே போடச் சொல்லு. கையக் குடுத்து வாங்குன படம்லா."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன்.

டிசம்பர் 18

பள்ளியில் காலை வணக்கத்தில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள். அண்ணனைக் காப்பாற்றிய வீரன். படத்தைப் பள்ளி வராந்தாவில் மாட்ட வேண்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். தருகிறேன் என்றேன். இதுவரை இந்த மைக்கில் நான் மன்னிப்பு மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

கஸ்பார் மாமாதான் அன்றைக்கு மார்பளவு தண்ணீரில் ஓடிவந்து அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறியவர். ஆஸ்பத்திரிக்கு அவர் தினமும் வருகிறார். வார்டுக்குள் வருவதில்லை. வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார்.

தூண்டில் வளைவில் பெனிட்டா நின்றாள். ஒரு கையை இறுக மூடியிருந்தாள்.

"படம் வந்திச்சாமே."

"வந்திச்சு."

"எதுல?"

"கேமராவுலதான். வேற எதுல வரும்?"

"சரி," என்றாள். கையைத் திறக்காமலே போய்விட்டாள்.

டிசம்பர் 24

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். குடிலுக்கு வைக்கோல் வாங்கி வந்தேன். அம்மா கறி வாங்கினாள்.

மத்தியானம் தூக்கத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணன் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். ஆணியைப் பல்லில் கவ்விச் சுவரில் ஊன்றி, இடது கையால் சுத்தியல். முதல் அடி சுவரில். இரண்டாவது அடி தாடையில். உதட்டிலிருந்து ரத்தம் சுண்ணாம்பில் வழிந்தது. பிடுங்கப் போனேன், முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினான். காரை பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது. கடைசியில் ஆணி நின்றது.

"ஆணி ரெடி. படம் எங்கலே?"

"புதுவருசத்துக்குள்ள வந்துரும்ணே."

அம்மா காரையைக் கூட்டினாள்.

டிசம்பர் 28

துரை மறுபடியும் ஆட்டுரல் மேல் வந்து உட்கார்ந்தது. உயிரோடுதான் இருக்கிறது. ஒரு இறகுகூடக் குறையவில்லை.

கல்லெடுத்து எறிந்தேன். படவில்லை. அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அடுத்த கல் முதுகில் பட்டது. விழுந்து, இறக்கையால் மண்ணை அடித்தது. இன்னொன்று எடுத்தேன். பெரிய கல்.

யாரோ என் கையைப் பின்னால் முறுக்கினார்கள். பெனிட்டா. தோள் கழன்றுவிடும் போல இருந்தது.

"போடுலே கல்லை! போடு!"

போட்டேன். துரை தத்தித் தத்தி வேலிக்கு அப்பால் போய், காற்றைப் பிடித்து எழும்பியது.

அவள் என் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்தினாள். கார்டு.

"பதிமூணாந் தேதி பூரா இது எங்க வீட்டுலதான் கெடந்துச்சு. நீ வாங்கவே வரல. நான் யார்ட்டயும் சொல்லல."

"ஏட்டி..."

"உள்ள பாரு. ஒம்பதாந் தேதி எடுத்ததுல ஒண்ணு ரெக்கைய விரிச்சிருக்கு. கறுப்புக்குள்ள வெள்ளைப் பொட்டு. பழுப்புத்தலைதான். அன்னைக்கு ராத்திரியே பாத்துட்டேன். பரீட்சை முடியட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "சொல்லித் தொலைச்சிருக்கலாம்."

ஜனவரி 6

மூன்று ராசாக்கள் திருநாள். நாடகத்தில் மூன்று ராசாக்களில் ஒருவரான கஸ்பார் ராசாவாகப் பிறப்புரிமைப்படி கஸ்பார் மாமா நடித்தார். கழுதையாக நான். காதுகள் சரியான அளவு. சனங்கள் சிரித்தார்கள். முதல் தடவையாக, அவர்கள் சிரிக்க நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

வேஷத்தைக் கலைக்காமலே வீட்டுக்குப் போனேன். அண்ணன் நாடகத்துக்கு வரவில்லை. ஆணிக்கு எதிரே கட்டிலில் இருந்தான்.

"அண்ணே, படம் இல்ல."

"இன்னும் வரலியா?"

"எடுக்கவே இல்லண்ணே. கேமராவுல கார்டு இல்ல. பெனிட்டா வீட்டுல கெடந்துச்சு."

"அப்ப எதுக்குலே 'பொறுண்ணே, பொறு'ன்னு கத்துன?"

"அமுக்குனேன், அமுங்கல. திரையில என்னமோ எழுத்து வந்துச்சு, படிக்கல. துரை ரெக்கைய விரிச்சிருச்சு. பட்டன்தான் இறுகிப் போச்சுன்னு நெனச்சு..."

"நானும் பொறுத்தேன்," என்றான் அண்ணன்.

பிறகு அடித்தான். இடது கை இன்னும் பழகவில்லை. காதுக்கு வந்த அடி கழுதைக் காதில் பட்டு அது பிய்ந்து விழுந்தது. இரண்டாவது வாயில் சரியாக விழுந்தது. கஸ்பார் மாமா கிழித்த அதே இடம் மறுபடி கிழிந்தது. மூன்றாவதற்குக் கையை ஓங்கினான், வலது கையை. கட்டுத் துணி என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. இருவரும் அதைப் பார்த்தோம். இறக்கிக்கொண்டான்.

"ஆணியப் பிடுங்கு."

பிடுங்கினேன். ஓட்டை இருக்கிறது.

இதனால் சிப்பிமுனை ஊர்ச் சனங்கள் அனைவருக்கும், நாளைக் காலை வணக்கத்தில் மைக் கேட்டு வாங்கிச் சொல்லப்போவதை முன்கூட்டியே அறிவிப்பது யாதெனில்: திரி கட்டை இல்லை, போதுமான நீளம்தான். நான்தான் பொறுக்கச் சொன்னேன். துரை அபூர்வமும் இல்லை. இந்தக் கடற்கரையில் எங்கே கல் எறிந்தாலும் படுகிற பழுப்புத்தலை.

இன்னொன்று. இதை அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. கேமரா வாரைத் தன் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டது அவன். ஒற்றைக் கையால் இன்ஜினைக் கிளப்பிக் கரைவரை ஓட்டி வந்ததும் அவன்தான். நான் முன்பலகையில் உட்கார்ந்து அழுதுகொண்டு வந்தேன். கேமராப் பையை மட்டும் மடியில் தூக்கி வைத்திருந்தேன், நனைந்துவிடக் கூடாதென்று.